ஒரு கைப்பிடி கோதுமையை வைத்து ஒரு நாட்டுக்கு விலை போட்ட காலம்

கேள்வி இதுதான்: "பிரிட்டிஷ் காலத்து இந்தியத் தானிய மாதிரிகளை லண்டன் கியூ தாவரவியல் பூங்கா போன்ற இடங்களில் இன்னும் குடுவைகளில் வைத்திருக்கிறார்களாமே. கடையில் கிடைக்கும் கோதுமையை ஏன் இப்படிப் பாதுகாக்க வேண்டும்? அன்றைய வியாபாரத்தில் அதற்கு என்ன மதிப்பு? இன்றைக்கு அதனால் ஏதாவது பயன் உண்டா?"

பதில் கொஞ்சம் நீளம். கோதுமை மாதிரி என்பது அன்றைக்கு வெறும் காட்சிப் பொருள் இல்லை. விலையை முடிவு செய்தது அது, வழக்கைத் தீர்த்தது அது, எந்த ரகத்தை விதைக்கலாம் என்று நர்மதைக் கரை விவசாயிக்கு மறைமுகமாகச் சொன்னதும் அதுதான். பிற்பாடு அதே மாதிரிகளில் சில விதையாகி, கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் வயலுக்குப் போயின. ஒவ்வொரு கட்டத்திலும் மாதிரியைக் கையில் வைத்திருந்தவருக்கு லாபம் கிடைத்தது. விளைவித்தவருக்குக் கிடைத்தது ரொம்பக் குறைவு. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் மற்றதெல்லாம் புரியும்.

முதலில் மாதிரி வியாபாரம் எப்படி நடந்தது என்று பார்ப்போம். நம்மூர் நெல் மண்டியில் மூட்டைக்குள் குத்தூசியைச் செருகி ஒரு பிடி எடுத்து, உள்ளங்கையில் போட்டுத் தேய்த்து, ஊதிப் பார்த்து விலை சொல்வார்கள் இல்லையா, அதேதான். லண்டனில் மார்க் லேன் என்ற தெருவில் 1747-லேயே தானியச் சந்தை கட்டப்பட்டுவிட்டது. அங்கே மூட்டைகள் வராது. தரகர்கள் தங்கள் மேடைகளில் சின்னச் சின்னப் பைகளில் மாதிரியை வைத்துக்கொண்டு நிற்பார்கள். ஆலைக்காரர் வந்து பையைப் பிரித்துக் கையில் கொட்டிப் பார்ப்பார். நிறம், தோலின் மெல்லிசு, எடை, வாசனை எல்லாவற்றையும் கவனிப்பார். மக்கிய வாடை வந்தால் கப்பலில் ஈரம் பட்டிருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் ஒரு மணியைப் பல்லில் கடிப்பார். கடினக் கோதுமை என்றால் டக்கென்று உடையும், உள்ளே கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும். மென்கோதுமை என்றால் எளிதாக நசுங்கும், உள்ளே வெள்ளை மாவு தெரியும். இன்னும் கொஞ்ச நேரம் மென்றால் மாவு கரைந்து போய்ப் பசை மட்டும் நாக்கில் மிஞ்சும். அந்தப் பசை எவ்வளவு இழுபடுகிறதோ அவ்வளவுக்கு ரொட்டி உப்பும். ஆய்வகம் எல்லாம் பிறகு வந்தவை. அனுபவசாலியின் கை, மூக்கு, பல் மூன்றும்தான் அன்றைய சோதனைக் கருவிகள்.

உள்ளூர்ச் சரக்குக்கு இது போதும். கடல் கடந்து வரும் சரக்குக்குப் போதாது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. 1870-ல் கடலடித் தந்திக் கம்பி பம்பாயை லண்டனோடு இணைத்தது. 1873-ல் இந்தியக் கோதுமை மீதிருந்த ஏற்றுமதி வரியை எடுத்துவிட்டார்கள். இந்த மூன்றும் அடுத்தடுத்து நடந்ததால் ஏற்றுமதி கிடுகிடுவென ஏறியது. 1880களின் நடுவில் வருஷத்துக்கு 2 கோடி ஹண்டர்வெயிட்டைத் தாண்டிவிட்டது, அதாவது சுமார் 10 லட்சம் டன். சிந்துப் பள்ளத்தாக்கில் ரயில் வந்ததும் பஞ்சாபின் விளைச்சலுக்குக் கராச்சி வாசலானது. அன்றைய ரூபாய் வெள்ளி நாணயம்; வெள்ளியின் மதிப்பு சரிந்துகொண்டே போனதால் ரூபாயின் மாற்று விலையும் குறைந்தது. பவுண்டில் கணக்குப் பார்ப்பவருக்கு இந்தியச் சரக்கு மலிவாகத் தெரிந்தது. இன்னொரு வசதியும் இருந்தது. நம் நாட்டில் அறுவடை மார்ச், ஏப்ரலில். ஐரோப்பாவில் பழைய இருப்பு கரைந்து புது அறுவடை வராத கோடைக்காலத்தில் இந்தியக் கோதுமை போய் இறங்கியது.

இங்கே ஒரு சிக்கல். தந்தியில் விலையை அனுப்பலாம், கோதுமையை அனுப்ப முடியாது. கராச்சியில் ஏற்றும் சரக்கை லண்டன்காரர் பார்க்காமல் வாங்க வேண்டும். அப்படியானால் "இன்ன தரம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் இரண்டு முனையிலும் ஒரே பொருள் நினைவுக்கு வர வேண்டும். "கல்கத்தா கிளப் நம்பர் 2", "சாய்ஸ் ஒயிட் கராச்சி" என்பது போன்ற பெயர்கள் இப்படித்தான் புழக்கத்துக்கு வந்தன. கவனித்தீர்களா, இவற்றில் இருப்பது துறைமுகத்தின் பெயர். விளைந்த ஊரின் பெயரும் இல்லை, விவசாயி அந்த ரகத்துக்கு வைத்த பெயரும் இல்லை. பெயருக்குப் பின்னால் உத்தரவாதமாக நின்றது அலமாரியில் இருக்கும் ஒரு மாதிரிப் பை. அந்தப் பை இல்லாவிட்டால் தந்தியில் வந்த வார்த்தைக்கு மதிப்பே இல்லை.

இனி அரசாங்கம் என்ன செய்தது என்று பார்ப்போம். ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்று ஒரு ஸ்காட்லாந்து மருத்துவர். பம்பாய் ராணுவ மருத்துவப் பணியில் இருந்தவர். 1858 முதல் லண்டனில், இந்தியாவை நிர்வகித்த பிரிட்டிஷ் அரசுத் துறையான இந்தியா அலுவலகத்தில் "இந்தியப் பொருள்கள் குறித்த அறிக்கையாளர்" என்ற பதவியில் இருந்தார். 1866-ல் இவர் இந்தியத் துணிகளில் 700 துண்டுகளை வெட்டி ஒட்டி, 18 தொகுதிகளாகக் கட்டி, பிரிட்டனின் ஜவுளி ஊர்களுக்கு அனுப்பினார். இந்தியர்கள் என்ன உடுத்துகிறார்கள் என்று பார்த்து அதே மாதிரி நெய்து இந்தியாவுக்கே விற்கலாம் என்பதுதான் நோக்கம். அந்த மனிதர்தான் கோதுமைக்கும் இதே வழியைக் கையாண்டார். 1870களின் பிற்பாதியில் இந்தியாவின் பல மாவட்டங்களிலிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட கோதுமை மாதிரிகள் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கிருந்த தானிய வியாபாரிகளிடம் காட்டி, லண்டன் சந்தையில் இது என்ன விலை போகும் என்று கேட்டு எழுதினார்கள். 1879-ல் அறிக்கை வந்தது.

இந்த ஏற்பாட்டின் முக்கியத்துவத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு துணைக்கண்டத்தின் முக்கிய உணவுத் தானியம் ஒன்றை, அதைச் சாப்பிடுகிற மக்களின் ருசியை வைத்து மதிப்பிடவில்லை. சாப்பிடாத ஊரின் ஆலைக்குப் பொருந்துகிறதா என்று மதிப்பிட்டார்கள். முடிவு எதிர்பார்த்ததுதான்: வெள்ளை நிற மென்கோதுமைக்கு நல்ல விலை, கடினக் கோதுமைக்கும் சிவப்புக்கும் குறைவு. பிரிட்டனில் அப்போது பெரும்பாலும் கல் எந்திரங்கள். கடினக் கோதுமையைக் கல்லில் அரைத்தால் தோல் தூளாகி மாவோடு கலந்து நிறத்தைக் கெடுக்கும். அதனால்தான் அவர்களுக்கு மென்மையானது தேவைப்பட்டது.

ஆனால் மத்திய இந்தியாவிலும் தக்காணத்திலும் மக்கள் விரும்பிச் சாப்பிட்டது பெரும்பாலும் கடின ரகங்களைத்தான். கதியா, பன்சி என்றெல்லாம் பெயர். ரவைக்கும் உடைத்த கோதுமைக்கும் அவைதான் ஏற்றவை. நர்மதைப் பள்ளத்தாக்கில் 'பிசி' என்ற வெள்ளை மென்கோதுமைக்கு ஏற்றுமதிக் கிராக்கி வந்ததும், கடின ரகம் போட்ட நிலங்களில் பிசி பரவியது. யாரும் துப்பாக்கி முனையில் மாற்றச் சொல்லவில்லை. ரயில் நிலையத்தில் வாங்குபவர் எதற்குக் கூட நாலு காசு கொடுக்கிறாரோ அதைத்தான் விவசாயி விதைப்பார். அந்த நாலு காசை நிர்ணயித்தது லண்டனில் கடித்துப் பார்த்த ஒரு மணி. கடினக் கோதுமையும் முழுக்க ஒதுங்கிப் போகவில்லை. மக்ரோனி செய்ய இத்தாலிக்காரர்களுக்கு அது வேண்டியிருந்தது.

(தமிழ்நாட்டில் சம்பா கோதுமை என்று வாங்குகிறோமே, அது வேறு வகை, எம்மர் இனம். தெற்கே சிறு அளவில்தான் விளைந்தது. இந்த ஏற்றுமதிக் கதையில் அதற்குப் பங்கில்லை.)

அடுத்த கட்டத்தில் கையும் பல்லும் போதாது என்று நிஜமான ஆலைச் சோதனை வந்தது. 1880களின் தொடக்கத்தில், இந்தியா அலுவலகத்தின் தலைவரான இந்தியா அமைச்சர் சார்பில் மக்டூகல் சகோதரர்கள் என்ற ஆலை நிறுவனத்திடம் நான்கு வகை இந்தியக் கோதுமையைக் கொடுத்தார்கள்: மென் வெள்ளை, மென் சிவப்பு, கடின வெள்ளை, கடினச் சிவப்பு. இங்கிலாந்து, அமெரிக்கா, ரஷ்யா, ஆஸ்திரேலியா, எகிப்துக் கோதுமைகளோடு சேர்த்து அரைத்து, ரொட்டி சுட்டு ஒப்பிட்டார்கள். இவர்களைத் தேர்ந்தெடுத்தது பொருத்தமான விஷயம். மான்செஸ்டரில் ஹென்ரி சைமன் என்ற பொறியாளர் 1878-ல் முதன்முதலில் உருளை ஆலையை நிறுவிக் கொடுத்தது இந்த மக்டூகல் ஆலைக்குத்தான். கல்லுக்குப் பதில் இரும்பு உருளைகள் வந்ததும் கடினக் கோதுமை மீதிருந்த பயம் போய்விட்டது.

சோதனை முடிவில் பெரிதாக நின்றது ஒரு விஷயம்: இந்தியக் கோதுமை ரொம்பக் காய்ந்தது. வெயிலிலும் அனல் காற்றிலும் முற்றி அறுவடையாகிறது. இங்கிலாந்துக் கோதுமை ஈரம் மிகுந்தது. காய்ந்த கோதுமையில் மாவு அதிகம் தேறும். அந்த மாவு நிறையத் தண்ணீரை இழுக்கும். ஆக, ஒரே எடை மாவுக்கு அதிக எண்ணிக்கையில் ரொட்டி கிடைக்கும். ஆலைக்காரர் கண்ணோட்டத்தில் இது எவ்வளவு பெரிய ஆதாயம் என்று யோசித்துப் பாருங்கள். வாங்கும்போது உலர்ந்த எடைக்குக் காசு, விற்கும்போது தண்ணீரோடு சேர்த்துக் காசு. ஈரமான உள்நாட்டுக் கோதுமையோடு கலந்து அரைத்தால் இரண்டும் சீராகும். தனியாகச் சுட்டால் ரொட்டியில் ஒரு பயறு வாடை வருகிறது என்ற குறையையும் எழுதினார்கள். அதனால் கலப்புக்குத்தான் சிறந்தது என்று முடிவானது. ஆக, நம் கோதுமைக்கு அங்கே கிடைத்த இடம் நிரப்புச் சரக்கின் இடம்.

இப்போது இந்தக் கதையிலேயே எனக்கு மிகவும் கோபம் வரவழைக்கும் பகுதிக்கு வருகிறேன். அழுக்கு.

அந்தக் கால ஆவணங்களில் இந்தியக் கோதுமை என்றாலே மண், கல், பதர், பார்லி, கொண்டைக்கடலை, கடுகு கலந்தது என்ற புகார் திரும்பத் திரும்ப வரும். "இந்திய விவசாயி கலப்படக்காரன்" என்ற தொனியும் கூடவே வரும். உண்மையில் என்ன நடந்தது? களத்தில் மாடு கட்டிப் போரடிக்கும்போது கொஞ்சம் மண் சேரும், அது இயல்பு. ஊடுபயிராகக் கடலையோ கடுகோ போட்டிருந்தால் ஓரிரு மணி கலக்கும். ஆனால் லண்டன் ஒப்பந்தம் என்ன சொன்னது தெரியுமா? சரக்கில் 5 சதவீதம் வரை மண், பதர், வேற்றுத் தானியம் இருக்கலாம். அதற்கு மேல் போனால் விலையில் கழிவு. அதற்குக் கீழே இருந்தால்? கூடுதலாக ஒரு காசு கிடையாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வியாபாரியிடம் 100 மணங்கு கோதுமை இருக்கிறது. அதில் 2 மணங்குதான் அழுக்கு. அவர் அப்படியே விற்றால், அதே விலைக்கு 5 மணங்கு அழுக்கோடு விற்கும் பக்கத்துக் கடைக்காரரைவிட 3 மணங்கு நல்ல கோதுமையைச் சும்மா கொடுத்ததாகும். அதனால் என்ன செய்தார்கள்? சுத்தமான கோதுமையில் மண்ணையும் பார்லியையும் வேண்டுமென்றே கலந்து 5 சதவீதத்துக்குக் கொண்டுவந்தார்கள். கலக்காதவர் நஷ்டப்பட்டார். ஒப்பந்தம்தான் அழுக்கை உற்பத்தி செய்தது. அந்த அழுக்கு மாதிரியில் ஏறியது. மாதிரியைப் பார்த்தவர்கள் "பாருங்கள், இந்தியச் சரக்கு இப்படித்தான்" என்றார்கள்.

வருஷத்துக்கு 10 லட்சம் டன் ஏற்றுமதியில் 5 சதவீதம் என்றால் 50,000 டன். சுமார் 2,500 டன் ஏற்றும் கப்பல் என்று வைத்துக்கொண்டால், வருஷா வருஷம் 20 கப்பல் குப்பை சூயஸ் வழியாகக் கூலி கொடுத்துப் போயிருக்கிறது. பஞ்சாப் மண்ணை லிவர்பூலுக்குக் கொண்டுபோய்க் கழுவிக் கொட்டினார்கள்.

இது அவர்களுக்கும் தெரியும். ஆலைக்காரர்கள் பலர் சுத்தமான கோதுமை வேண்டும் என்று கேட்டார்கள். 1889-ல் லண்டனில் இந்தியா அலுவலகத்தில் இதற்கென்றே ஒரு மாநாடு நடந்தது. அப்போது இந்தியா அமைச்சராக இருந்தவர் கிராஸ் பிரபு. பேசினார்கள், அறிக்கை போட்டார்கள், ஆனால் ஒப்பந்தம் சட்டென்று மாறவில்லை. காரணம் எளிது: இடையில் இருந்தவர்களுக்குப் பழைய முறை பழகிப்போயிருந்தது. பெரிய ஆலைகள் கழுவும் எந்திரங்களை ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தன. 1907 வாக்கில்தான் மண் கூடவே கூடாது, பார்லி 2 சதவீதம் வரை இருக்கலாம் என்ற ஒப்பந்தம் நிலைபெற்றது. அதன் பிறகு அதே விவசாயிகள், அதே களம், அதே மாடுகள், ஆனால் சுத்தமான கோதுமை வந்தது! விதி மாறியதும் சரக்கு மாறியது. விவசாயியின் குணத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள் இதைக் கவனித்திருக்க வேண்டும்.

தரத்தை முடிவு செய்யும் இன்னொரு முறை 'சராசரித் தரம்'. 1878-ல் லண்டன் தானிய வியாபாரச் சங்கம் உருவானது. வந்து சேரும் கப்பல்களிலிருந்து முத்திரையிட்ட மாதிரிகளை எடுத்து, குறிப்பிட்ட காலத்துக்கு உரியவற்றை ஒன்றாகக் கலந்து ஒரு பொது மாதிரி தயாரிப்பார்கள். வாங்கியவருக்கும் விற்றவருக்கும் தகராறு வந்தால், நடுவர்கள் சரக்கின் மாதிரியையும் இந்தப் பொது மாதிரியையும் பக்கத்தில் பக்கத்தில் கொட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்கள். ஆஸ்திரேலியாவிலும் இதே முறைதான். அங்கே அடிலெய்டு போன்ற ஊர்களின் வர்த்தக சபைகளே பருவத்தின் தொடக்கத்தில் பல பகுதிக் கோதுமையைக் கலந்து சராசரி மாதிரி செய்து லண்டனுக்கு அனுப்பின. அமெரிக்காவில் சிகாகோ வணிகர்கள் வேறு பாதையில் போனார்கள். 1850களிலேயே நம்பர் 1, நம்பர் 2 என்று தரம் பிரித்து, ஒரே தரத்தைச் சேர்ந்த எல்லாருடைய கோதுமையையும் உயரமான குதிர்களில் ஒன்றாகக் கொட்டி, ரசீதை மட்டும் விற்றார்கள்.

சராசரி முறை நியாயமாகத் தோன்றும். ஆனால் அதில் நல்ல சரக்குக்குத் தனி விலை கிடையாது. ஒரு ஊர் அருமையான கோதுமை விளைவித்தாலும் அது பத்து ஊர்க் கோதுமையோடு கலந்து சராசரியாகிவிடும். சுத்தத்துக்குப் பரிசு இல்லாதது போலவே சிறப்புக்கும் பரிசு இல்லை. ஆஸ்திரேலிய விவசாயிகளிடமாவது வாக்குரிமையும் பத்திரிகைகளும் இருந்தன. கூச்சல் போட முடிந்தது. பஞ்சாப் விவசாயியின் குரல் அந்த மேசைக்கு எட்டவே இல்லை.

இதையெல்லாம் சொல்லும்போது பஞ்சத்தைச் சொல்லாமல் போக முடியாது. 1876-78, தாது வருஷப் பஞ்சம். சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் செத்தார்கள். அதே 1877-78-ல் இந்தியாவிலிருந்து 60 லட்சம் ஹண்டர்வெயிட்டுக்கு மேல் கோதுமை ஏற்றுமதியானது. அதுவரையில் அதுதான் உச்சம். தெற்கே சோறு இல்லாதவருக்கு வடக்கே கோதுமை இருந்தும் பயனில்லை. ரயில் இருந்தது, ஆனால் வாங்கக் காசு இல்லை; லண்டனில் காசு இருந்தது. கோதுமைக்கு லண்டனில் என்ன விலை என்று மாதிரி மாதிரியாக அடுக்கிப் பார்த்ததும், தமிழ்நாட்டுச் சாலைகளில் கஞ்சித் தொட்டிக்கு மக்கள் நடந்ததும் கிட்டத்தட்ட ஒரே ஆண்டுகளில் நடந்தவை. அந்த அறிக்கைகளைப் படிக்கும் யாரும் இந்த இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஏற்றுமதி அதற்குப் பிறகும் வளர்ந்தது. பஞ்சாபில் செனாப் கால்வாய்க் குடியேற்றங்கள் வந்து லயால்பூர் (இன்றைய பாகிஸ்தானின் பைசலாபாத்) பக்கம் தரிசெல்லாம் கோதுமை வயலானது. ராலி சகோதரர்கள், வோல்கார்ட், லூயி டிரைஃபஸ் போன்ற நிறுவனங்கள் கராச்சி வழியாக வாங்கிக் குவித்தன. 1904-ல் பிரிட்டனுக்கு அதிகமாகக் கோதுமை கொடுத்த நாடு இந்தியாதான்.

அந்த 1904-ல்தான், கனடாவின் ஒட்டாவாவில் இன்னொன்று நடந்தது.

கல்கத்தாவிலிருந்து ஏற்றுமதியான கடினச் சிவப்புக் கோதுமைக்கு வியாபாரத்தில் "ஹார்ட் ரெட் கல்கத்தா" என்று பெயர். இது ரகத்தின் பெயரே இல்லை. வியாபாரத் தரத்தின் பெயர். எந்த மாவட்டத்து எந்த விவசாயியின் விதை என்று யாருக்கும் தெரியாது. மார்க் லேனில் குறைந்த விலை போட்ட வகை. ஆனால் அது சீக்கிரம் முற்றும். கனடாவின் புல்வெளிப் பகுதியில் இதற்குத்தான் தவித்தார்கள். அங்கே அப்போது பயிரான ரெட் ஃபைஃப் நல்ல ரொட்டி தரும், ஆனால் முற்றுவதற்குள் உறைபனி வந்து அடித்துவிடும். 1892-ல் கனடிய ஆய்வுப் பண்ணைக்காரர்கள் ஹார்ட் ரெட் கல்கத்தாவையும் ரெட் ஃபைஃபையும் கலப்பினம் செய்தார்கள். அந்தச் சந்ததியிலிருந்து 1904-ல் ஒட்டாவாவில் சார்லஸ் சாண்டர்ஸ் என்ற தானிய ஆய்வாளர் தேர்ந்தெடுத்ததுதான் மார்க்விஸ் என்ற ரகம். மணியை வாயில் போட்டு மென்று பசையைச் சோதித்தே அவர் ஆரம்பத்தில் தேர்ந்தெடுத்தார், பழைய தரகர்களைப் போலவே. ரெட் ஃபைஃபைவிட ஒரு வாரம், பத்து நாள் முன்னதாக முற்றியது. 1920 வாக்கில் மேற்குக் கனடாவின் கோதுமை நிலத்தில் பெரும்பகுதி மார்க்விஸ்தான்.

ஆஸ்திரேலியாவிலும் இதே கதை. வில்லியம் ஃபாரர் என்பவர் எடாவா என்ற இந்தியக் கோதுமையை ஃபைஃபோடு கலப்பினம் செய்து யாண்டில்லா ரகத்தை உருவாக்கினார்; யாண்டில்லாவைப் பர்ப்பிள் ஸ்ட்ரா என்ற ரகத்தோடு கலந்து ஃபெடரேஷனை உருவாக்கினார். 1900களின் தொடக்கத்தில் வெளியான ஃபெடரேஷன் அந்த நாட்டின் பிரதான ரகமாக ஆனது. எடாவா என்பது உத்தரப் பிரதேசத்தின் எடாவாதான்.

இனி முடிச்சைப் பாருங்கள். இந்திய விதையின் ரத்தம் ஓடிய கனடிய, ஆஸ்திரேலியக் கோதுமைகள் உலகச் சந்தையை நிரப்பின. விலை சரிந்தது. 1920களின் கடைசியில் ஆஸ்திரேலியக் கோதுமை கல்கத்தாவிலேயே மலிவாக வந்து இறங்க ஆரம்பித்தது. இந்தியக் கோதுமையைக் காப்பாற்ற 1931-ல் இறக்குமதி வரிச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. 'கல்கத்தா' என்ற பெயரோடு போன மணிக்காக இந்திய விவசாயிக்கு ஒரு பைசா பங்கு வரவில்லை. விதை பற்றிய உரிமை, பங்கு என்ற பேச்செல்லாம் அப்போது எழவே இல்லை.

இந்தியாவுக்குள்ளேயே மாதிரிகளை நேர்மையாகப் பயன்படுத்தியவர்களும் உண்டு, அவர்களைச் சொல்லாவிட்டால் நியாயம் ஆகாது. பீகாரில் பூசா ஆராய்ச்சி நிலையத்தில் 1905 முதல் வேலை செய்த ஆல்பர்ட் ஹோவர்டும் கேப்ரியல் ஹோவர்டும், இந்தியக் கோதுமை பலவீனமானது என்ற லண்டன் தீர்ப்பை அப்படியே ஏற்கவில்லை. கலவையாகக் கிடந்ததைத் தனித்தனி ரகமாகப் பிரித்தார்கள். தனி ரகத்தின் மாதிரிகளை இங்கிலாந்தில் ஹம்ஃப்ரீஸ் என்ற ஆலைக்காரரிடம் அனுப்பி அரைத்துச் சுட வைத்தார்கள். பூசா 4, பூசா 12 போன்றவை வலுவான, நல்ல கோதுமை என்று தெளிவானது. குறை விதையில் இல்லை, கலவையில் இருந்தது. சராசரி மாதிரி மறைத்துவிட்டதைத் தனி மாதிரி வெளியே கொண்டுவந்தது. எனக்கு இந்த வரலாற்றில் பிடித்த பகுதி இதுதான்.

சரி, குடுவைகளுக்கு வருவோம். 1879-ல் லண்டனில், இந்தியப் பொருள்களைச் சேகரித்து வைத்திருந்த இந்தியா மியூசியத்தை மூடி, சேகரிப்புகளைப் பிரித்தபோது தாவரப் பொருள்கள் கியூவுக்குப் போயின. இவற்றால் இன்றைக்கு என்ன பயன்?

விதைத்தால் முளைக்குமா என்று எல்லாரும் கேட்பார்கள். முளைக்காது. சாதாரண அறையில் வைத்த கோதுமை சில பத்தாண்டுகளில் உயிர் விட்டுவிடும். எகிப்துப் பிரமிடில் கிடைத்த கோதுமை முளைத்தது என்பதெல்லாம் கட்டுக்கதை. ஆனால் செத்த மணியிலும் மரபணு மிஞ்சும். 19-ஆம் நூற்றாண்டுத் தானிய மாதிரிகளிலிருந்து ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் மரபணுவை எடுத்துப் படித்திருக்கிறார்கள். பசுமைப் புரட்சிக்கு முன்னால் ஒரு மாவட்டத்தில் என்ன ரகம் இருந்தது என்பதற்கு இதைவிட நேரடிச் சாட்சி கிடையாது.

உயிரோடு இருக்கும் சேகரிப்பு என்றால் வாட்கின்ஸ் சேகரிப்பைச் சொல்ல வேண்டும். கேம்பிரிட்ஜில் இருந்த ஏ. ஈ. வாட்கின்ஸ் 1920, 30களில் பிரிட்டிஷ் வர்த்தகத் துறை மூலமாகத் தூதரகங்களுக்கும் முகவர்களுக்கும் எழுதி, உள்ளூர்ச் சந்தைகளில் கோதுமை வாங்கி அனுப்பச் சொன்னார். தானிய வியாபாரத்துக்குப் போடப்பட்ட அதே பாதைகளில் இந்த முறை விதை பயணம் செய்தது. 32 நாடுகள், இந்தியாவிலிருந்தும் நிறையப் போயின. இன்றைக்கு 827 நாட்டு ரகங்கள் இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் மையத்தில், அவ்வப்போது விதைத்துப் புதுப்பித்து, உயிரோடு இருக்கின்றன. 2024-ல் பிரிட்டிஷ், சீன ஆய்வாளர்கள் இவை அனைத்தின் மரபணுவையும் படித்து வெளியிட்டார்கள். இந்த நாட்டு ரகங்களில் உள்ள மரபணு வேறுபாட்டில் பாதிக்கு மேல் நவீன ரகங்களில் இல்லவே இல்லை என்று தெரியவந்தது. நோய் எதிர்ப்பு, வறட்சி தாங்குவது, குறைந்த உரத்தில் விளைவது போன்ற குணங்களைத் தேடுகிறவர்களுக்கு அது புதையல்.

பழைய மாதிரி எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்பு இல்லை. மதிப்பு பெரும்பகுதி சீட்டில் இருக்கிறது. எந்த மாவட்டம், எந்த ஆண்டு, உள்ளூரில் என்ன பெயர், பாசனமா மானாவாரியா, யார் அனுப்பியது என்று எழுதியிருந்தால் அந்த மணியை ஒரு வயலோடு சேர்த்துப் படிக்கலாம். "இந்தியக் கோதுமை, வெள்ளை" என்று மட்டும் இருந்தால் ஆராய்ச்சிக்குப் பாதிதான் உதவும். சீட்டே இல்லை என்றால் அலமாரி அலங்காரம்.

கோயம்புத்தூர், புனே, கான்பூர் போன்ற ஊர்களின் பழைய வேளாண் கல்லூரிகளிலோ, பழைய மண்டிக் குடும்பங்களின் வீடுகளிலோ இப்படிக் குடுவையோ முத்திரையிட்ட பையோ கண்ணில் பட்டால் ஒன்று செய்யுங்கள். கழுவாதீர்கள், வெயிலில் காய வைக்காதீர்கள், பூச்சிமருந்து அடிக்காதீர்கள், மரபணு கெட்டுவிடும். சீட்டைத் தெளிவாகப் படம் எடுத்து, சீட்டையும் தானியத்தையும் பிரிக்காமல் வைத்து, டெல்லியில் உள்ள தேசியத் தாவர மரபணு வளப் பணியகத்துக்கோ பக்கத்து வேளாண் பல்கலைக்கழகத்துக்கோ எழுதிக் கேளுங்கள்.